சில்லறைச் செலவும் சிறுசேமிப்பும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவில் சிக்கனத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற வேண்டும் என்று செயலாளர் பணித்தார். திரைக்குப் பின்னால் குழந்தைகள் சலங்கை கட்டிக் காத்திருக்கும் நேரத்தில், செலவைக் குறைப்பது பற்றி ஒருவர் மேடையேறிப் பேசுவது அவ்வளவு பொருத்தமன்று என்பதை நாம் அறிவோம். பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்த நமக்குப் பொருளாதார நூல்களில் பயிற்சியும் இல்லை. ஆனால் சம்பளப் பட்டியல் பிரிவில் பணியாற்றுவதால் மாதந்தோறும் நூற்றுக்கணக்கான சம்பளச் சீட்டுகள் நம் கண்முன்னே கடந்து செல்கின்றன. அவற்றில் வரவுப் பகுதி ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பிடித்தப் பகுதியில்தான் குடும்பத்துக்குக் குடும்பம் கதை மாறுகிறது. அந்தப் பிடித்தப் பகுதியைப் பார்த்துக் கற்றவற்றையே இங்குக் கூற முற்படுகிறோம்.

நம்மில் பலருடைய பாட்டனார், பெங்கால் நாகபுரி இரயில்வே காலத்தில் இந்தக் கரக்பூருக்கு வந்தவர்கள். பட்டறையில் சுத்தியல் பிடித்தவரும், இஞ்சினில் கரி அள்ளிப் போட்டவரும், அலுவலகத்தில் பேரேடு எழுதியவரும் அவர்களுள் உண்டு. ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்பது அவர்களுடைய நினைப்பு. ஊரில் அவர்களுக்கு ஓட்டுவீடு ஒன்று இருந்தது. அதில் அண்ணனோ தம்பியோ குடியிருந்தார். நமக்கோ அந்த வீட்டில் ஓர் அறையேனும் உண்டா என்பதே ஐயம். இங்கே பிறந்தோம், இங்கே படித்தோம், குவார்ட்டர்ஸிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு மாறி வாழ்ந்து வருகிறோம். அறுபது வயது நிறைந்து மாலையும் கடிகாரமும் பெற்றுத் திரும்பிய சில மாதங்களுக்குள் அந்தக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். காலி செய்யும்வரை கிராஜுவிட்டித் தொகையை நிறுத்திவைப்பார்கள். 2004ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலோ அதற்குப் பின்னோ வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷனும் கிடையாது. தேசிய ஓய்வூதியத் திட்டந்தான். 2025 ஏப்ரலில் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் வந்து, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வழி ஏற்பட்டது. எதைத் தேர்ந்தாலும், தலைக்கு மேல் ஒரு கூரையை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு பெரிய காரியத்துக்குத் தேநீர்க் காசு எம்மூலைக்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தேநீர்க் காசில் வீடு கட்ட முடியாது. முடியும் என்று சொல்பவரை நாம் நம்புவதில்லை. ஆனால் வீட்டுக்கான பணம் ஏன் சேரவில்லை என்று சம்பளச் சீட்டைப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஏப்ரலில் பள்ளிச் சேர்க்கைக் கட்டணம், புத்தகம், சீருடை. கையில் பணமில்லை, கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கடன். அது மாதாமாதம் சம்பளத்தில் பிடிபட்டு, பிப்ரவரி, மார்ச்சில் தீரும். தீர்ந்த மறுமாதம் மீண்டும் ஏப்ரல். மீண்டும் அதே கடன். இடையில் பூஜைக்கு முன்னர் போனஸ் வருகிறது. அண்மை ஆண்டுகளில் 78 நாள் சம்பளம் என்ற பெயரில் பெரும்பாலோர் கண்ட தொகை 17,951 ரூபாய். அதைக் கோல் பஜார் துணிக்கடைகளும் தீபாவளிப் பலகாரமும் பங்கிட்டுக்கொள்கின்றன. கடன் சங்கத்தில் வரம்பு முடிந்தவர் வெளியாரிடம் போகிறார். மாதம் நூற்றுக்கு ஐந்து என்பது அவர்கள் வட்டி. இருபதினாயிரம் ரூபாய்க்கு மாதம் ஆயிரம் ரூபாய் வட்டி மட்டும். முற்காலத்தில் சம்பள நாளன்று பட்டறை வாயிலில் தடியோடு நின்ற காபூலிக்காரரைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இப்போது வாயிலில் யாரும் நிற்பதில்லை. கடன் கொடுப்பவர் கைப்பேசிக்குள்ளேயே குடிவந்துவிட்டார்.

இந்தச் சுழலிலிருந்து வெளிவர ஒரே வழி, கடனுக்கு ஓராண்டு முந்திக்கொள்வது. வருகிற ஏப்ரலுக்கு வேண்டிய பதினெட்டாயிரத்தை இந்த ஏப்ரலிலிருந்தே மாதம் 1,500 வீதம் ஒதுக்கிவிட்டால், அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் கடன் பிடித்தமின்றிச் சம்பளம் முழுதாக வீடு வரும். வீட்டுக்கான சேமிப்பு அங்கேதான் தொடங்க முடியும். ஆக, நமக்கு முதலில் வேண்டியது இலட்சங்கள் அல்ல. மாதம் ஓர் ஆயிரத்தைந்நூறு ரூபாய். அது சில்லறைச் செலவில் கிடைக்குமா என்று அறிய, சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் மூன்று மாதம் கணக்கு எழுதினோம். பிள்ளைகளின் பழைய நோட்டில் எழுதாத பக்கங்கள் இருந்தன, அவையே போதுமாயின.

சிக்கனம் என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம் ஆண்மக்களின் பார்வை அடுக்களைப் பக்கம் திரும்புகிறது. இது பெரிய அநீதி. எங்கள் கணக்கில் மிகக் குறைவாகச் சுரண்ட முடிந்த இடம் அடுக்களைதான். ஊறவைத்த பருப்பு, மூடிவைத்த பாத்திரம், குக்கரில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு, மீந்த சோற்றில் வடாம் என்று நம் வீட்டுப் பெண்கள் அங்கே செய்ய வேண்டியதை முன்பே செய்து முடித்துவிட்டார்கள். எஞ்சியிருந்தது அரிசி ஒன்றே. ஊரிலிருந்து வரவழைக்கும் இட்டிலி அரிசிக்கு இங்கே கூடுதல் விலை கொடுக்கிறோம். வங்காளத்தில் விளையும் பருத்த புழுங்கலரிசியில் இட்டிலி நன்றாகவே வருகிறது. சாப்பாட்டுக்குப் பொன்னிதான் வேண்டும் என்பவரோடு நாம் வாதிடவில்லை. அது நாக்கின் உரிமை.

ஆண்களின் செலவு அப்படியன்று. அது வீட்டுக் கணக்கில் ஏறுவதேயில்லை. அலுவலக வாயிலில் மண்குவளைத் தேநீர் பத்து ரூபாய். காலை இரண்டு, மாலை இரண்டு. மாதத்தில் இருபத்தாறு நாளைக்கு 1,040 ரூபாய். உடன் வாங்கும் சிங்காடாவையும், வெற்றிலைப் பாக்கையும் நாம் இங்கே சேர்க்கவில்லை. தாய்மார்கள் வீட்டில் விசாரித்துக்கொள்ளலாம். தேநீரை அறவே விட்டுவிடச் சொல்ல மாட்டோம். உடன் வேலை செய்யும் வங்காளி, தெலுங்கு, ஒரியா நண்பர்களோடு நின்று பேசும் பத்து நிமிடம் அந்தப் பத்து ரூபாயில் அடங்கியிருக்கிறது. நான்கை இரண்டாக்கினால் நட்பு குறைவதில்லை. மாதம் 520 ரூபாய் நிற்கிறது.

இவை ஏன் கண்ணில் படுவதில்லை? முன்பெல்லாம் சட்டைப் பையில் ஒரு நூறு ரூபாய்த் தாள் இருந்தால் அதை மாற்ற மனம் வராது. மாற்றிவிட்டால் போய்விடும் என்ற அச்சம் இருந்தது. 2016இல் யூ.பி.ஐ. முறை வந்து, பிறகு மெல்ல மெல்லத் தேநீர்க் கடை வரைக்கும் பரவிவிட்டது. சதுரக் கட்டத்தைக் கைப்பேசியில் காட்டினால் போதும். தாளும் இல்லை, சில்லறையும் இல்லை, அச்சமும் இல்லை. இதைக் குறை சொல்லவில்லை. மிக வசதியான ஏற்பாடு. நாம் எழுதாவிட்டாலும் கைப்பேசி ஒவ்வொரு பைசாவையும் எழுதிவைக்கிறது. மாதக் கடைசியில் ஒருமுறை அமர்ந்து படித்தால் அதுவே கணக்கு நோட்டு. படிக்கத்தான் துணிவு வேண்டும். எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். சம்பளம் விழும் கணக்கைக் கைப்பேசியோடு இணைப்பதை நிறுத்திவிட்டு, வேறொரு வங்கிக் கணக்கில் ஞாயிறுதோறும் அந்த வாரச் செலவுக்கு மட்டும் பணம் போடுகிறோம். வெள்ளிக்கிழமை வந்தால் அதில் மிச்சம் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும். பழைய நூறு ரூபாய்த் தாளின் அச்சம் ஒருவாறு திரும்பிவிட்டது. வீட்டுக்கு வரவழைக்கும் சாப்பாடும் மாதம் ஒரு தடவை தானாகவே குறைந்தது. கொண்டுவரும் கூலி, பொட்டலக் கூலி எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு ஐந்நூறு ரூபாய்.

கைப்பேசியின் சந்தாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்கு மாதம் என்பது 28 நாள். முந்நூறு ரூபாய்த் திட்டம் என்றால் ஆண்டுக்கு 3,600 என்று மனம் கணக்கிடும். ஆனால் 365 நாளில் 28 நாள் மாதம் பதின்மூன்று உண்டு, 3,900 ஆகிறது. நான்கு கைப்பேசி உள்ள வீட்டில் 15,600. முப்பது நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022இல் கட்டளையிட்டது. இணையம் வேண்டாதவருக்குப் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் மேலும் விதித்தது. இவற்றைக் கடைக்காரர் தாமாக முன்வந்து சொல்வதில்லை. நாம் கேட்க வேண்டும். மகளோடு பேசுவதற்கு மட்டும் கைப்பேசி வைத்திருக்கும் பாட்டியாருக்கு நாளொன்றுக்கு இரண்டு ஜி.பி. எதற்கு? எங்கள் வீட்டில் இவ்வகையில் மாதச் சராசரி இருநூறு ரூபாய் குறைந்தது.

மின்சாரத்தில் விளக்கைப் பற்றிப் பேசுவார்கள். விளக்கெல்லாம் எல்.இ.டி. ஆகிவிட்டது, அங்கே இனி எடுப்பதற்கொன்றுமில்லை. நம் ஊர் வெயிலுக்கு விசிறிதான் செலவாளி. பழைய விசிறி 75 வாட். பதினாறு மணி நேரம் ஓடினால் நாளொன்றுக்கு 1.2 யூனிட், மாதம் 36 யூனிட். இப்போது கிடைக்கும் பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்டில் ஓடுகிறது, மாதம் 14.4 யூனிட். யூனிட் ஏழு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் விசிறி ஒன்றுக்கு மாதம் ஏறத்தாழ 150 ரூபாய் மிச்சம். குளிர்கால மூன்று மாதத்தைத் தள்ளி, ஒன்பது மாதத்துக்குக் கணக்கிட வேண்டும். சாதாரண விசிறியைவிட ஆயிரத்தைந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அது திரும்பிவிடும். ஆயினும் நன்றாக ஓடும் விசிறியைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. காயில் எரிந்து கம்பி சுற்றக் கொடுக்கும் சமயத்தில் மாற்றுவதே முறை. நம் மின்கட்டணம் சம்பளத்திலேயே பிடிக்கப்படுவதால் யூனிட் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. பார்க்கும் வழக்கம் வந்தாலே பாதி வேலை முடிந்தது.

இரண்டு விசிறிக்கு ஆண்டுச் சராசரியாக மாதம் 225 ரூபாய். அதோடு தேநீர், கைப்பேசி, வெளிச்சாப்பாடு ஆகியவற்றைக் கூட்டினால் 1,445 ரூபாய் வருகிறது. ஏப்ரலுக்கு வேண்டிய மாதத் தொகைக்கு இன்னும் ஐம்பத்தைந்து ரூபாய்தான் குறைவு. சிங்காடாவை நாம் கணக்கில் சேர்க்கவில்லை என்பதை நினைவூட்டுகிறோம்.

ஊர்ப்பயணத்தைச் சில்லறைச் செலவு என்று சொல்ல முடியாது. எனினும் அது சில்லறையாகவே கரைவதால் இங்குச் சொல்கிறோம். ஐந்தாண்டு சேவை முடித்த நமக்கு ஆண்டுக்கு மூன்று பாஸ் உண்டு. பயணச்சீட்டு இலவசம் என்பதனால் பயணமே இலவசம் என்று ஓர் எண்ணம் நம் காலனியில் வேரூன்றிவிட்டது. சென்ற கோடையில் நால்வர் ஊர் சென்று திரும்ப, ஒரு பயணச்சீட்டும் வாங்காமலே எங்கள் கணக்கில் ஏறிய தொகை பதினான்காயிரம் ரூபாய். வண்டியில் வாங்கிய உணவும் தண்ணீரும், சென்ட்ரலில் இறங்கியது முதல் வாடகை வண்டி, நாத்தனார்களுக்கு வங்கக் கைத்தறிப் புடவை, இரண்டு கலியாண மொய், பிள்ளைகள் கைக்குப் பணம் என்று ஒவ்வொன்றும் சிறியது. புளிசாதமும் மிளகாய்ப்பொடி தடவிய இட்டிலியும் கட்டிக்கொண்டு போனால் போகும்போதாவது ஓர் ஆயிரம் ரூபாய் மிஞ்சும். மத்திய அரசு உத்தியோகத்தில் இருப்பவர் கை நீளமானது என்று ஊரார் எண்ணுகிறார்கள். அவ்வெண்ணத்தை ஆண்டுதோறும் மெய்ப்பிக்கும் கடமை நமக்கில்லை. ஆனால் பயணத்தையே நிறுத்திவிடலாமா என்று கேட்டால், கூடாது என்பதே நம் விடை. தாயைப் பார்க்கும் செலவைக் குறைத்துச் சேர்க்கும் பணத்தால் ஆவதொன்றுமில்லை.

அதுபோலவே கைவைக்கக் கூடாதவை இன்னும் சில உண்டு. பிள்ளைகளின் பாலும் முட்டையும், பெரியவர்களின் இரத்தக்கொதிப்பு மாத்திரை, பல்வலி தொடங்கும்போதே மருத்துவரிடம் போகும் செலவு. பல்லைத் தள்ளிப்போட்டால் பிறகு அது வட்டியோடு வசூலிக்கும். தமிழ் இதழுக்குக் கட்டும் சந்தாவையும் இதில் சேர்ப்போம். பள்ளியில் இந்தியும் வங்காளியும் ஆங்கிலமும் படிக்கும் நம் பிள்ளைகளின் கண்ணில் வாரம் ஒருமுறையாவது தமிழ் எழுத்து பட அதுவே வழி. சங்கத்தின் ஆண்டுச் சந்தாவைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லவில்லை. பொருளாளர் முன்வரிசையில் அமர்ந்து நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறோம். குறைத்த செலவெல்லாம் சேமிப்பு ஆகிவிடாது. நான்கு தேநீரை இரண்டாக்கியவர் மாதக் கடைசியில் பையைத் தடவிப் பார்த்தால் அந்த 520 ரூபாய் இருக்காது. அது வேறு வடிவில் போயிருக்கும். மிஞ்சினால் சேர்ப்போம் என்பவர் கையில் மிஞ்சுவதே இல்லை. இது யாருடைய குறையுமன்று, பணத்தின் இயல்பு அப்படி. நம் பாட்டிமார் இதை நன்கறிந்திருந்தார்கள். உலையில் போட அரிசியை அளந்தவுடன், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். சோறு வடித்து எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை எடுத்துவைத்தவர்கள் அல்லர். உலைக்கு முன் எடுத்ததனால்தான் பானை நிறைந்தது. எடுத்த பிடியினால் யாருக்கும் வயிறு குறைந்ததுமில்லை. மிசோரத்தில் இதே வழக்கம் ஒரு மக்கட் கூட்டம் முழுவதற்கும் உரியதாக இருக்கிறது. அங்குள்ள கிறித்தவப் பெண்கள் ஒவ்வொரு வேளையும் சமைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் திருச்சபைக்கென்று எடுத்துவைக்கிறார்கள். அதற்குப் ‘புஃபாய் தாம்’ என்று பெயர். நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் இப்பிடியரிசியை வீடுவீடாகத் திரட்டி விற்று, அப்பணத்தில் திருச்சபைப் பணிகள் நடக்கின்றன. செல்வர் தந்த நன்கொடையன்று அது. உலைக்கு முன் எடுத்த பிடி.

நமக்கு உலை சம்பள நாள். அன்றே எடுத்தாக வேண்டும். எடுத்ததை எங்கே போடுவது? அஞ்சறைப் பெட்டியின் அடியில் வைத்தால் கை எட்டும். தினமும் வாசலுக்கு வந்து பத்து இருபது வாங்கிக்கொண்டு, இரட்டிப்பாகத் தருவதாகச் சொல்பவரிடம் கொடுப்பது அதைவிட ஆபத்து. 2013 ஏப்ரலில் சாரதா நிறுவனம் வீழ்ந்தபோது இந்த மாநிலத்தில் இலட்சக்கணக்கான எளியவர்கள் பணத்தை இழந்தார்கள். அவர்களும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தவர்கள்தாம். சேர்த்த இடம்தான் தவறிவிட்டது.

அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் நூறு ரூபாய் முதல் கட்டலாம். தவணை அறுபது. மாதத்தின் முதல் பதினைந்து நாளுக்குள் கணக்கைத் தொடங்கியவர் ஒவ்வொரு மாதமும் பதினைந்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும். தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் தண்டம். பன்னிரண்டு தவணை கட்டியபின் அவசரத்துக்கு அதிலேயே பாதி வரை கடன் வாங்கலாம். வட்டியை அரசு மூன்று மாதத்துக்கொருமுறை அறிவிக்கும். தொடங்கும் நாளில் உள்ள வட்டி ஐந்தாண்டுக்கும் மாறாது. அது 6.7 விழுக்காடாக இருந்தால், மாதம் ஐந்நூறு கட்டுபவருக்கு முப்பதாயிரத்துக்கு ஏறத்தாழ 35,680 கிடைக்கும். ஏப்ரல் கட்டணத்துக்கு ஐந்தாண்டு காத்திருக்க முடியாது. அந்த 1,500 ரூபாயை வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்பில் போட்டுவிடுங்கள். சம்பளக் கணக்கிலிருந்து தேதி குறித்துத் தானாகவே எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்துவிட்டால் நம் மனத்துக்கு அதில் வேலையில்லை. ஓராண்டு முந்திக்கொண்டபின், கடன் பிடித்தம் நின்று கைக்கு வரும் பணத்தை ஐந்தாண்டு வைப்பிலும் பி.பி.எஃப்.பிலும் போடலாம். பி.பி.எஃப். பதினைந்து ஆண்டு. இங்கே நாற்பத்தைந்து வயதில் இருப்பவர்களுக்கு அது ஏறத்தாழ ஓய்வு பெறும் சமயத்தில் கைக்கு வரும். குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் சமயமும் ஏறத்தாழ அதுவே.

நுழைவாயில் அருகே உள்ள மேசையில் தொடர் வைப்புப் படிவங்கள் வைத்திருக்கிறோம். இரண்டு புகைப்படமும் ஆதார், பான் அட்டைகளின் நகலும் கொண்டுவந்தால் போதும். ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை சங்க நூலகத்தில் அமர்ந்து எழுதித் தருவோம். தமிழ் மட்டும் அறிந்த பாட்டியாரும் வரலாம். தேநீர் கிடைக்கும், வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவருவோம்.

குழந்தைகள் காத்திருக்கிறார்கள்.